வீடு திரும்பியும் திரும்பாதவர்களை எழுதிய மனிதர்

2002ஆம் ஆண்டு. கற்பிட்டி வீதியில் ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி வகுப்பு இருந்தது. கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் மூன்று கணினிகள். பகலில் தட்டச்சும் கணக்குப் பதிவும் படிப்பிப்பார்கள். மாலையில் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் விளையாடலாம். துபாயில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் கொண்டுவந்த ஐந்து இறுவட்டுகளில் ஒரு விளையாட்டு இருந்தது. பெயர் பால்டர்ஸ் கேட். 1998 டிசம்பரில் வெளிவந்தது. கனடாவின் எட்மண்டன் நகரில் மருத்துவம் படித்த சிலர் சேர்ந்து தொடங்கிய பயோவெயார் நிறுவனம் உருவாக்கியது. இன்றும் மாயக்கதை விளையாட்டுகளில் செவ்வியல் என்று மதிக்கப்படுவது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஆங்கிலம் அரைகுறை. ஆனால் முதல் அரை மணித்தியாலம் புரிவதற்கு மொழி தேவைப்படவில்லை. கடலோரத்தில் கேண்டில்கீப் என்று ஒரு கோட்டை. அதற்குள் ஒரு பெரிய நூலகம். அங்கே வளரும் தாய் தகப்பனில்லாத பிள்ளை நீங்கள். ஓர் இரவு, வளர்ப்புத் தந்தை அவசரமாக வந்து, உடனே புறப்பட வேண்டும் என்கிறார். காரணம் சொல்லவில்லை. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு இருட்டில் வெளியேறுகிறீர்கள். வழியில் அவர் கொல்லப்படுகிறார். விடிந்ததும் பார்த்தால் வரைபடம் முழுவதும் கறுப்பு. கால் வைக்கும் இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கும். வந்த கோட்டைக்கே திரும்பிப் போனால் வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார். அரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அனுமதி.

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. எனக்கு அப்போது ஆறு வயது. கனடாவில் இருக்கும் யாரோ எங்கள் கதையை எப்படி அறிந்தார்கள் என்று அந்தக் கொட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனால் அந்த விளையாட்டின் வேரைத் தோண்டிக்கொண்டு போனால், அடியில் ஓர் அநாதைப் பிள்ளையும் ஒரு போர்க்களமும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் பெயர் ஜோன் ரொனால்ட் ரூயல் டொல்கீன்.

தாய் தகப்பனை இழந்தவர்

டொல்கீன் 1892 ஜனவரி 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்பொன்டைன் நகரில் பிறந்தார். தந்தை ஆதர் அங்கே வங்கி முகாமையாளர். தாய் மேபல். வெயில் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்பதால் 1895இல் தாய் அவரையும் தம்பி ஹிலரியையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனார். தந்தை பின்னர் வந்து சேருவதாக இருந்தது. வரவில்லை. 1896 பெப்ரவரியில் வாதக்காய்ச்சலில் அவர் இறந்துபோனார் என்ற செய்திதான் வந்தது. பிள்ளைக்கு நான்கு வயது.

பேர்மிங்ஹாம் நகருக்கு வெளியே சேர்ஹோல் என்ற கிராமத்தில் வாடகை வீடு. ஓர் ஆற்றோர ஆலை, வயல், மரங்கள். தாயே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். இலத்தீனும் தாவரவியலும் அவரிடமிருந்து வந்தவை. 1900இல் மேபல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். உறவினர்கள் கோபித்துக்கொண்டு பண உதவியை நிறுத்தினார்கள். நீரிழிவு நோய்க்கு அப்போது மருந்து இல்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் பதினேழு வருடங்கள் இருந்தன. 1904 நவம்பரில் மேபல் இறந்தபோது அவருக்கு வயது 34. மூத்த மகனுக்குப் பன்னிரண்டு.

பிரான்சிஸ் மோர்கன் என்ற பாதிரியார் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதுகாவலரானார். பதினாறாவது வயதில் டொல்கீன் தங்கியிருந்த விடுதியில் எடித் பிரட் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவளும் தாய் தகப்பனில்லாதவள். மூன்று வயது மூத்தவள். படிப்புக் கெடும் என்று பாதிரியார் தடுத்தார். இருபத்தொரு வயது வரை பேசவும் கூடாது, எழுதவும் கூடாது. டொல்கீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1913 ஜனவரியில் இருபத்தொரு வயது ஆன அன்றிரவே அவளுக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் அவளுக்கு வேறொருவருடன் நிச்சயமாகியிருந்தது. அவள் அதை முறித்துக்கொண்டு இவரிடம் வந்தாள்.

நான்கு நண்பர்கள்

பேர்மிங்ஹாமில் எட்வர்ட் மன்னர் பாடசாலையில் படிக்கும்போது நான்கு மாணவர்கள் ஒரு தேநீர்க் கூட்டம் நடத்தினார்கள். நூலகத்துக்குள் களவாகத் தேநீர் போட்டுக் குடிப்பதில் தொடங்கியது. டொல்கீன், கிறிஸ்டோபர் வைஸ்மன், ரொபர்ட் கில்சன், ஜெப்ரி ஸ்மித். கவிதை, இசை, ஓவியம், பழைய மொழிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பித்து. தாங்கள் சேர்ந்து உலகத்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கப் போகிறோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த வயதில் நாமும் நம்பியிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அப்படிக் கூடிய நான்கு பேரில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வாசிக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. டொல்கீன் ஒக்ஸ்போர்டில் படிப்பை முடித்துவிட்டே படையில் சேர்ந்தார். 1916 மார்ச்சில் எடித்தை மணந்தார். ஜூன் மாதம் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். கடிதங்கள் தணிக்கை செய்யப்படும் என்பதால், தான் எங்கே நிற்கிறேன் என்பதை மனைவிக்குத் தெரிவிக்க எழுத்துக்களுக்கிடையே புள்ளிகள் வைக்கும் ஒரு முறையை வைத்திருந்தார். அவள் வீட்டில் ஒரு வரைபடத்தை வைத்து அவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பாள்.

1916 ஜூலை 1ஆம் திகதி சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 19,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ரொபர்ட் கில்சனும் ஒருவர். இரண்டு வாரம் கழித்து ஸ்மித்தின் கடிதத்தில்தான் டொல்கீனுக்கு அது தெரியவந்தது. டொல்கீன் சமிக்ஞை அதிகாரி. கம்பி, கொடி, புறா, ஓடிப்போகும் ஆள் என்று கிடைத்த வழியில் செய்தி கடத்துவது வேலை. சேற்றில் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. இடையிடையே பின்னணிக்குத் திரும்பியபோது ஸ்மித்தைச் சந்தித்தார். அந்த வருடத் தொடக்கத்தில் ஸ்மித் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் செத்துப்போனாலும், நான்கு பேரும் கண்ட கனவைச் சொல்ல நம்மில் ஒருவர் மிஞ்சுவார் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

ஒக்டோபர் கடைசியில் டொல்கீனுக்குக் காய்ச்சல். பதுங்குகுழிக் காய்ச்சல் என்று பெயர். பேன் பரப்பும் நோய். முகாமில் இருந்தவர்களுக்குப் பேனைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நவம்பரில் கப்பலில் இங்கிலாந்து கொண்டுவரப்பட்டார். அந்தக் காய்ச்சல்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். அவர் இருந்த படைப்பிரிவு 1918இல் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. 1916 டிசம்பர் 3ஆம் திகதி, எறிகணைத் துண்டு பட்ட காயத்தால் ஸ்மித் இறந்தார். நால்வரில் மிஞ்சியவர்கள் கடற்படையில் இருந்த வைஸ்மனும் டொல்கீனும் மட்டுமே.

டொல்கீன் முதலில் செய்த வேலை, ஸ்மித்தின் கவிதைகளைத் தேடிச் சேர்த்து 1918இல் புத்தகமாக்கியது. மற்ற வேலை நோய்ப்படுக்கையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. பயிற்சிப் புத்தகங்களில் ஒரு கதை எழுதினார். மறைந்திருக்கும் ஓர் அழகிய நகரம், காட்டிக்கொடுக்கப்பட்டு, நெருப்புக் கக்கும் இரும்பு மிருகங்களால் ஒரே இரவில் அழிகிறது. உயிர் தப்பியவர்கள் ஓர் இரகசிய வழியாக, காயப்பட்டவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குள் ஏறுகிறார்கள். பின்னாளில் உலகமே அறிந்த டொல்கீனின் மாய உலகத்தில் முதலில் எழுதப்பட்ட பெருங்கதை இந்த அகதிகளின் கதைதான்.

பேராசிரியர்

போருக்குப் பின்னரான வாழ்க்கை வெளிப்பார்வைக்கு அமைதியானது. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியில் கொஞ்சக் காலம் வேலை. லீட்ஸ் பல்கலைக்கழகம். 1925 முதல் 1959இல் ஓய்வுபெறும் வரை ஒக்ஸ்போர்டில் பேராசிரியர். நான்கு பிள்ளைகள். மூன்றாமவருக்கு, உயிர்தப்பிய நண்பரின் பெயரான கிறிஸ்டோபர் என்று பெயர் வைத்தார். விடைத்தாள் திருத்தும்போது ஒரு மாணவன் வெறுமையாக விட்ட பக்கத்தில், வளைக்குள் வாழும் குள்ள உருவம் ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்தார். அது ஹொபிட் என்ற சிறுவர் நாவலாக வளர்ந்து 1937 செப்டெம்பரில் வெளிவந்தது.

அடுத்த வருடம் ஜேர்மன் பதிப்பகம் ஒன்று அதை மொழிபெயர்க்க விரும்பியது. ஹிட்லரின் ஆட்சி. நீங்கள் ஆரிய வம்சமா என்று அவரிடம் விசாரித்தார்கள். டொல்கீன் கொதித்துப்போனார். இரண்டு பதில்களை எழுதித் தன் லண்டன் பதிப்பாளரிடம் கொடுத்தார். அவற்றில் ஒன்றில், ஆரியம் என்பது இந்திய, பாரசீக மொழிகளோடு சேர்ந்த சொல், தன் முன்னோர் யாரும் அவற்றைப் பேசியதில்லை என்று மொழியறிஞராக அவர்களுக்குப் பாடம் எடுத்தார். யூதரா என்பதுதான் கேள்வி என்றால், அந்தத் திறமைமிக்க மக்கள் தன் முன்னோரில் இல்லாததற்கு வருத்தப்படுவதாகவும் எழுதினார். அந்த நாவல் ஜேர்மன் மொழியில் வர 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோதனைச் சாவடியில் பெயரையும் இனத்தையும் கேட்கும்போது உள்ளே எழும் உணர்வை அறிந்தவர்கள், இந்தக் கடிதத்துக்காகவே அவரை நேசிக்கலாம்.

1937 கடைசியில் லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் நாவலைத் தொடங்கினார். பன்னிரண்டு வருடங்கள் பிடித்தன. இடையில் இரண்டாம் உலகப் போர். மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்காவில் இருந்தபோது, எழுத எழுத அத்தியாயங்களை அவருக்கு அனுப்பினார். அந்தக் கடிதங்களில் தகப்பன் மகனுக்குச் சொன்ன ஒரு விடயம் முக்கியமானது. கதையில் அரக்கர் ஒரு பக்கம், நல்லவர் மறுபக்கம். நிஜமான போரில் அப்படி இல்லை, அரக்கர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள் என்று அவர் எழுதினார். தன் நாட்டின் வெற்றியை விரும்பிய ஒருவர், போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சொன்னார். எங்கள் நாட்டில், போர் முடிந்த பின்பும் தன் பக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்லத் துணிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

நாவல் 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வந்தது. கதையின் சுருக்கம் எளிது. எல்லோரையும் அடக்கி ஆளும் வல்லமை கொண்ட மோதிரம் ஒன்று இருக்கிறது. நல்லவர் கையில் இருந்தாலும் அது அவரைக் கெடுத்துவிடும். ஆகவே பயன்படுத்தக் கூடாது, அழிக்க வேண்டும். அதைச் சுமந்து போகிறவன் வீரனல்ல, பிரொடோ என்ற சின்ன உருவம். கூடவே சாம் என்ற தோட்டக்காரன். போர்க்களத்தில் தனக்கு உதவியாக இருந்த சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்தே சாமை உருவாக்கியதாக டொல்கீன் பின்னர் சொன்னார். தண்ணீருக்கடியில் இறந்தவர்களின் முகங்கள் தெரியும் சதுப்பு நிலம் ஒன்றும் கதையில் வரும். அது சோமுக்குப் பிந்திய வடபிரான்ஸுக்குக் கடன்பட்டது என்று அவரே ஒரு கடிதத்தில் ஏற்றுக்கொண்டார். ஆனால் குறிப்பிட்ட ஒரு போரை மறைமுகமாகச் சொல்லும் கதை இது என்று யாராவது சொன்னால் மறுப்பார்.

அவரைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடும் பகுதி முடிவு. மோதிரம் அழிகிறது. வெற்றி. நான்கு நண்பர்கள் ஊர் திரும்புகிறார்கள். ஆனால் ஊர் ஊராக இல்லை. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பழைய ஆலை இடிக்கப்பட்டுப் புதியது புகை கக்குகிறது. வாயிலில் கேட் போட்டு அதிகாரிகள் விதிகளை வாசிக்கிறார்கள். ஊரை மீட்க இன்னொரு சண்டை. அதில் 19 ஊரவர்கள் சாகிறார்கள். அவர்களை ஒரு மேட்டில் அடக்கி, பெரிய கல் நட்டு, சுற்றித் தோட்டம் போடுகிறார்கள். சண்டையில் நின்றவர்களின் பெயர்கள் பட்டியலாக எழுதப்பட்டு, வரலாறு படிப்பவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். இறந்தவர்களுக்கு ஒரு விளக்கு ஏற்றவும் ஒரு கல் நடவும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அந்தக் கல்லின் கனம் தெரியும்.

சாம் மரம் நடுகிறான், கல்யாணம் செய்கிறான், பிள்ளை குட்டியோடு வாழ்கிறான். பிரொடோவால் முடியவில்லை. காயம்பட்ட அதே திகதி ஒவ்வொரு வருடமும் வரும்போது அவனுக்கு நோய் வருகிறது. யாருக்கும் சொல்லாமல் மறைக்கிறான். ஊர் காப்பாற்றப்பட்டுவிட்டது, ஆனால் தனக்காக அல்ல என்று உணர்ந்து, கடைசியில் கப்பலேறிப் போகிறான். மே மாதம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் ஒரு தாயையோ, ஒக்டோபர் கடைசியில் காரணமில்லாமல் காய்ச்சல் வரும் ஒரு வாப்பாவையோ உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

விளையாட்டுக்குள் வந்த கதை

1960களில் அமெரிக்க மாணவர்கள் அவர் புத்தகத்தைக் கொண்டாடினார்கள். புகழ் அவருக்குத் தொல்லையாக இருந்தது. 1971இல் எடித் இறந்தார். 1973 செப்டெம்பர் 2ஆம் திகதி, 81ஆவது வயதில் டொல்கீன் காலமானார். ஒக்ஸ்போர்டில் இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். கல்லில் அவர்களின் பெயர்களுக்குக் கீழே, அவர் கதைகளில் வரும் காதலர்களான லூதியன், பெரன் என்ற பெயர்களும் உண்டு.

அவர் இறந்து சில மாதங்களில், 1974இல், அமெரிக்காவில் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாயக்கட்டை உருட்டி ஒரு கதைக்குள் நடக்கும் விளையாட்டு. டொல்கீனின் பாதிப்பு அவ்வளவு இல்லை என்று கைகக்ஸ் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் முதல் பதிப்பில் ஹொபிட் என்ற பெயரே இருந்தது. உரிமையாளர்கள் ஆட்சேபித்த பிறகுதான் அது ஹாஃப்லிங் என்று மாறியது. அந்த விதிகளைக் கணினிக்குள் கொண்டுவந்தவற்றில் ஒன்றே நான் ஆலங்குடாவில் விளையாடிய பால்டர்ஸ் கேட். அதிலும் ஹாஃப்லிங்குகள் இருக்கிறார்கள், ஊர் பேர் மாறிய அகதிகள் மாதிரி.

அந்த விளையாட்டில் ஆகக்கூடியது ஆறு பேர் சேர்ந்து நடக்கலாம். எங்களோடு கணினி படித்த உடப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்ததும் சிரித்தான். ஐவரும் திரௌபதியும் வனவாசம் போகிற கணக்கு என்றான். அவன் ஊரில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. மகாபாரதக் கதையை ஒட்டிய திருவிழாவும் தீமிதிப்பும் அங்கே பேர்போனவை. போரில் வென்ற பாண்டவர்களுக்கும் ஆள்வதற்கு நாடு மிஞ்சியது, கூட இருக்க ஆட்கள் மிஞ்சவில்லை என்று அவன் அம்மம்மா சொல்வாராம். டொல்கீனை வாசிக்காமலே அந்தக் கிழவி அவரைப் புரிந்துவைத்திருந்தார்.

மின்வெட்டுக்கு இடையில் விளையாடி முடிக்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. விளையாட்டில் ஒரு வசதி உண்டு. கூட வந்தவர் செத்தால், கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம். நீங்களே செத்தால், சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். டொல்கீன் தன் மனிதர்களுக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. கில்சனையும் ஸ்மித்தையும் எந்தக் கோயிலிலும் எழுப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் ஓரிடத்தில் விளையாட்டும் அவரைப் போலவே நேர்மையாக இருந்தது. ஆறாவது அத்தியாயத்தில், ஓர் அரிய நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கேண்டில்கீப்புக்குள் நுழைகிறோம். வளர்ந்த வீடு. அங்கே கொலைப் பழி சுமத்தப்படுகிறது. நிலத்தடிக் கல்லறைகள் வழியாகத் தப்பி ஓட வேண்டும். அந்த இருட்டில் தெரிந்த முகங்கள் எதிரே வருகின்றன. நெருங்கிப் பேசினால் அவர்கள் அவர்களல்ல, வேடம் போட்ட வேறு உருவங்கள்.

அதே வருடம்தான், போர்நிறுத்தத்துக்குப் பிறகு, வாப்பா எங்களை முதன்முறையாக மன்னாருக்குக் கூட்டிப்போனார். வீட்டில் சுவர் இரண்டு நின்றது. கிணற்றுக்குள் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. அயலில் இருந்த தமிழ்க் குடும்பத்தையும் காணவில்லை. அவர்கள் கடல் கடந்து இராமேஸ்வரம் பக்கம் போனதாகச் சொன்னார்கள். எங்களை அனுப்பிவைத்த ஊரில் எங்களுக்காக அழுதவர்களும் தங்கவில்லை. வாப்பா கிணற்றுக் கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போவோம் என்றார்.

பால்டர்ஸ் கேட்டின் புதுப்பித்த பதிப்பு 2012இல் வெளியாகி, இப்போது கைபேசியிலும் கிடைக்கிறது. போன பெருநாளுக்கு வந்திருந்த ராத்தாவின் மகன் அதைத் தரவிறக்கி விளையாடிக்கொண்டிருந்தான். புத்தளத்தில் பிறந்தவன், வடக்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். தொடக்கத்திலேயே கோட்டைக்குத் திரும்பிப் போய், காவலர் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று என்னிடம் கேட்டான். ஒரு புத்தகம் கொண்டுபோக வேண்டும், அது கடைசியில்தான் கிடைக்கும் என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய், 1990இல் படகில் ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த காணி உறுதியை எடுத்துவந்து பேரனிடம் காட்டினார். பிஸ்கட் ரின்னில் வைத்திருக்கிறார். ஓரம் உப்புத் தண்ணீர் பட்டுப் பழுப்பேறிய கடதாசி. பையன் விளையாட்டை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கி வாசிக்கத் தொடங்கினான்.